கதிங்கா கொடுக்காத குப்பி

மக்காச்சோளம் ஒடித்து முடிகிற வரைக்கும் பிரிசேனி கிராமத்தில் எந்தப் பெண்ணுக்கும் உடம்பு என்று ஒன்று கிடையாது. கை இருக்கும், முதுகு இருக்கும், உடம்பு இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் மாவட்டத்திலிருந்து இருநூறு குப்பிகள் வந்து இறங்கின. சஃப்தா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சஃப்தா அந்த ஊர் நர்ஸ். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சேற்றுப் பாதைகளில் சைக்கிளை மிதித்தும் தள்ளியும் வீடு வீடாகப் போகிறவள். ஊசி போடுவாள், ரத்தக் கொதிப்பு பார்ப்பாள், செத்தவர்களுக்குத் தாடை கட்டுவாள். நாற்பத்தேழு வயது. புருஷன் தொவாதெர் இத்தாலியில் லாரி ஓட்டுகிறான். ஆகஸ்டில் ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போவான். பிள்ளை இல்லை.

குப்பி என்றால் விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். உள்ளே மிருதுவான சின்ன பிரஷ். மேலே எண் போட்ட ஒட்டுச்சீட்டு. பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு தாங்களே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிஷ வேலை. எடுத்த பிரஷைக் குழாயில் போட்டு மூடிக் கொடுத்தால், மாவட்ட ஆய்வகத்தில் ஒரு இயந்திரம் அதில் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். கருப்பை வாயில் புற்று வைப்பது அந்த வைரஸ்தான். பிரிசேனியில் நாலு வருஷத்தில் மூன்று பெண்களை அது கொண்டுபோயிருந்தது. மூன்று பேருக்கும் தாடை கட்டியவள் சஃப்தா.

"எனக்கு அங்க ஒண்ணும் களவு போகலையே, எதுக்குத் தேடணும்?" என்பாள் ஒருத்தி.

"புருஷன் செத்துப் பதினாறு வருஷம் ஆச்சு. சிலந்திதான் வலை கட்டியிருக்கும். சிலந்திக்குமா சோதனை?" என்பாள் இன்னொருத்தி.

சஃப்தாவும் சளைக்க மாட்டாள். "சிலந்தி இருந்தாலும் எழுதிக் குடுத்துருவாங்கடி, நீ எடு" என்பாள். கடைசியில் எல்லோரிடமும் ஒரே வார்த்தையைப் போடுவாள். "நானே முதல்ல எடுத்துக்கிட்டேன். எனக்கு வலிச்சுதா? செத்தா போயிட்டேன்?"

அந்த வார்த்தைக்குத்தான் கதவுகள் திறந்தன. அது பொய். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள். பயமா என்றால் பயம் என்றும் சொல்ல முடியாது. அடுத்தவர் உடம்பையே பார்த்துப் பழகியவளுக்குத் தன் உடம்பு ஞாபகத்துக்கு வருவதில்லை.

அக்டோபர் கடைசியில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது குப்பி சேர்ந்துவிட்டது. ஊர் டாக்டர் மிஹலாக்கே இருநூறும் வந்துவிடும் என்று மாவட்டத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இருநூறும் முடிக்கிற ஊருக்கு அடுத்த வருஷம் பரிசோதனை வண்டி முதலில் வரும். பட்டியலில் மிச்சமிருந்த ஒரே பெயர் கதிங்கா.

கதிங்கா, சஃப்தாவுக்கு ரத்தம் இல்லாத தங்கச்சி மாதிரி. அவள் மகளுக்கு ஞானஸ்நானத் தொட்டியில் கை கொடுத்த ஞானத்தாய் சஃப்தாதான். முப்பத்தெட்டு வயது, இரண்டு பசு, பதினாலு ஆடு, ஒரு மகள், ஒரு புருஷன். வரிசையும் கிட்டத்தட்ட அதுதான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். மூன்று வருஷம் வசந்த காலத்தில் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போய் வந்து வீட்டுக்குத் தகரக் கூரை போட்டவள்.

சஃப்தா போனபோது அவள் முற்றத்தில் பீப்பாயில் முட்டைகோசை உப்புத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சிவந்திருந்தது.

"உக்காருக்கா. களி கிளறிட்டேன். பாலாடைக்கட்டி இருக்கு, தின்னுட்டுப் பேசு."

"களி திங்க வரல. இன்னிக்கு உன்ன விடுறதா இல்ல."

"உள்ள வா மொதல்ல."

மக்காச்சோளக் களியைப் பலகையில் கவிழ்த்து நூலால் அறுத்து வைத்தாள் கதிங்கா. பாலாடைக்கட்டியும் புளித்த பாலேடும் வைத்தாள். சஃப்தா தின்றாள். தின்ற பிறகு கேட்பது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"அவரு வேணாம்னுட்டாருக்கா," என்றாள் கதிங்கா, குரலைத் தணித்து. "அது ஊர் மேயுற பொம்பளைங்களுக்கு வர்ற நோய், என் வீட்டுக்குள்ள அந்தக் குழாய் நுழையக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. ஸ்பெயின்ல இருந்து வந்ததுல இருந்து அவருக்கு ஒரு முள்ளு உள்ளயே இருக்கு. நான் எதுக்கு அத நிமிண்டணும்?"

"அது யாருக்கு வேணா இருக்கும்டி. கல்யாணமான முதல் வருஷத்துல ஒட்டுனது இருபது வருஷம் தூங்கிட்டுக் கெடக்கும்."

"எனக்குப் புரியுது. அவருக்கு நீ சொல்லிப் புரிய வை." கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். "இந்தா, கையெழுத்துப் போடுறேன். உனக்குக் கணக்கு முடியணும், அவ்வளவுதான? குப்பிய நீயே மூடிக் காலியா அனுப்பிரு. இல்லன்னு வந்துட்டுப் போகுது."

சஃப்தா வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

ஒன்பது நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து கொர்னேலியா என்ற பெண் போன் செய்தாள். சிரித்த குரல்.

"பிரிசேனி நர்ஸம்மா தான? உங்க குப்பிங்க தங்கம். இருநூறுல ஒண்ணே ஒண்ணுதான் சொதப்பிருக்கு. நூத்தி எண்பத்தேழாம் எண். அதுல மனுஷ அணுவே இல்லம்மா."

"அப்படின்னா?"

"பிரஷ் உடம்பத் தொடவே இல்லன்னு அர்த்தம். அந்தம்மா பயந்துகிட்டு சும்மா போட்டு மூடியிருப்பாங்க."

"வைரஸ் இல்லன்னு எழுதிட வேண்டியதுதான?"

கொர்னேலியாவுக்கு விளக்குவது பிடிக்கும் போலிருந்தது. "அதெப்படிம்மா? இயந்திரம் ஒவ்வொரு குப்பியிலயும் ரெண்டு தேடும். ஒண்ணு வைரஸ். இன்னொண்ணு எல்லா மனுஷர் உடம்புலயும் இருக்குற ஒரு மரபணு. ரெண்டாவது தட்டுப்பட்டாத்தான் முதல்ல சொல்ற 'இல்ல'ங்கறதுக்கு மதிப்பு. நோய் இல்லன்னு சொல்றதுக்கு முந்தி, அங்க ஒரு மனுஷி இருந்தாளான்னு பாக்கணுமில்ல? புதுக் குப்பி அனுப்புறேன். வெள்ளிக்கிழம வண்டியில குடுத்து விடுங்க."

புதுக் குப்பி வந்தது. அதே கதிங்காவின் பெயர், புது எண். சஃப்தா அதை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கதிங்காவிடம் மறுபடி போவதா? அவள் புருஷன் கவ்ரில் வீட்டில் இருந்தான். மறுத்துவிட்டாள் என்று எழுதலாம்தான். ஆனால் கையெழுத்து இருக்கிறதே, முதல் குப்பி எங்கிருந்து போனது என்று டாக்டர் கேட்பார். 'உங்க குப்பிங்க தங்கம்' என்ற குரல் வேறு காதிலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பிரஷைத் தானே எடுத்துக்கொண்டாள். ஐந்து நிமிஷம். வலிக்கவில்லை. ஊரெல்லாம் சொன்ன பொய்யில் பாதி இன்றைக்கு நிஜமாகிவிட்டது என்றுகூடத் தேற்றிக்கொண்டாள். என்ன வரப்போகிறது? இல்லை என்றுதான் வரும். இல்லை என்பதில் யார் பெயர் இருந்தால் என்ன?

*

நவம்பர் நடுவில் உறைபனி விழுந்தது. கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கி இரண்டாம் நாள். சஃப்தா ஒரு சர்க்கரை நோயாளிக்குக் கால் புண்ணைக் கட்டிவிட்டு வந்துகொண்டிருந்தாள். கதிங்காவின் மகள் வேலியோரம் ஓடிவந்தாள்.

"ஞானம்மா, அம்மா உடனே வரச் சொன்னாங்க. அப்பா சத்தம் போடுறாரு."

சமையலறையில் கவ்ரில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் பிரித்த தபால். கதிங்கா அடுப்பில் சாய்ந்து நின்றாள். முகம் களிமாவு நிறத்தில் இருந்தது.

"வாங்க சஃப்தாக்கா. நீங்க படிச்சவங்க. இத வாசிங்க."

கதிங்கா பெயருக்கு வந்த கடிதம். தபால்காரி கவ்ரிலிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். சஃப்தா வாசித்தாள். ஹெச்.பி.வி. வகை பதினாறு, இருக்கிறது. டிசம்பர் நாலாம் தேதி காலை பத்து மணிக்கு மாவட்ட மருத்துவமனைக்கு உருப்பெருக்கிக் கருவிச் சோதனைக்கு வரவும்.

பதினாறு. வகைகளிலேயே பொல்லாதது அதுதான். வீடு வீடாக அவளே சொன்ன பாடம். எழுத்துகள் கண்ணுக்குள் நீந்தின. அது அவள் உடம்பு. அந்தத் தாளில் கதிங்கா என்று போட்டிருந்தது, ஆனால் பிரஷ் தொட்டது சஃப்தாவை.

"நான் குடுக்கவே இல்லங்க!" என்றாள் கதிங்கா. "எத்தன தடவ சொல்றது? கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

"கையெழுத்த மோந்து பார்த்தா கண்டுபிடிச்சாங்க?" என்றான் கவ்ரில். "குடுக்காத குப்பிக்கு முடிவு எப்படிடி வரும்? கெடா சேராத ஆடு குட்டி போடுமா? மூணு வருஷம் ஸ்பெயின்ல. ஒரே தகரக் கொட்டகையில ஆணும் பொண்ணும். நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். கூரை வந்துச்சேன்னு இருந்தேன்."

"அக்கா, நீ சொல்லு," என்றாள் கதிங்கா. அவள் குரலில் பயமே இல்லை. ஆள் வந்துவிட்டது, இனி பிரச்சினை தீர்ந்தது என்கிற குரல். "நான் குடுக்கலன்னு உனக்குத் தெரியுமில்ல. சொல்லுக்கா."

சஃப்தா வாயைத் திறந்தாள். அவள் சொல்ல நினைத்தது என்னவோ நிஜத்தைத்தான் என்று பின்னால் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த நொடியில் கண்முன்னால் டாக்டர் முகம் வந்தது, இருநூறு வீடும் வந்தது, தொவாதெர் வந்தான்.

"ஆய்வகத்துல ஒட்டுச்சீட்டு மாறியிருக்கும் கவ்ரில்," என்றாள். "ஆயிரக்கணக்குல வருதில்ல. மறுபடி ஒரு தடவ எடுத்துப் பாக்கலாம்."

"மறுபடியா?" கவ்ரில் மெதுவாக எழுந்தான். "மறுபடின்னா, மொதத் தடவ எடுத்தாச்சு. கேட்டியாடி? உன் அக்கா வாயாலேயே வந்துருச்சு. எனக்குத் தெரியாம கதவச் சாத்திக்கிட்டு எடுத்திருக்க. எதுக்கு? உனக்கே சந்தேகம் இருந்திருக்கு."

கதிங்கா புருஷனைப் பார்க்கவில்லை. சஃப்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் புரியாமல், பிறகு புரிந்து. புரிந்த பிறகும் பார்வையை எடுக்கவில்லை. சஃப்தாதான் குனிந்துகொண்டாள்.

சாயங்காலமே கதிங்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கவ்ரில் அடிக்கவில்லை. "போ" என்று ஒரு வார்த்தைதான் சொன்னானாம்.

*

ஊருக்கு இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. கிணற்றடியில் பேச்சு இப்படி ஓடியது:

"ஸ்ட்ராபெர்ரி மட்டுமா பறிச்சிருப்பா?"

"கூரைக்குத் தகரம் சும்மாவா வரும்?"

சஃப்தா வாளியோடு வந்தால் பேச்சு நிற்கும். அவளுக்காக நிற்கவில்லை, நர்ஸ் நோயாளியைப் பற்றிப் பேச மாட்டாள் என்கிற மரியாதைக்காக. "பாவம், இவங்களுக்கும் சங்கடம்" என்று அவளுக்கு இரங்கினார்கள். அந்த இரக்கத்தையும் வாங்கிக்கொண்டு தண்ணீர் இறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். பாதிரியாரின் தோள்துண்டுக்குக் கீழே தலையைக் கொடுத்துச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும். ஆனால் அங்கே பாதிரியார் குடும்பஸ்தர், அவர் மனைவியும் இருநூறில் ஒருத்தி. தன் முறை வந்தபோது, நோன்பில் பால் குடித்தேன் என்று ஒரு பாவத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். பாவசங்கீர்த்தனத்திலும் போலிக் குப்பிதான் கொடுத்தாள்.

உடம்பில் ஏதோ இருக்கிறது என்ற நினைப்பு ஒரு பக்கம். அதைவிட, டிசம்பர் நாலாம் தேதி யார் போவது? கதிங்கா போனால் நல்ல உடம்பைச் சோதிப்பார்கள், ஒன்றுமில்லை என்பார்கள், கோப்பு மூடிவிடும். நோய் சஃப்தாவுக்குள் யார் கணக்கிலும் இல்லாமல் வளரும். அப்படியே வளரட்டும், அதுதான் தண்டனை என்று சில நேரம் தோன்றும். அதுவும் ஒரு சுகமான நினைப்புத்தான் என்று உடனே உறைக்கும். தண்டனையைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிற குற்றவாளி.

கதிங்கா போய்ப் பதினோராம் நாள். கவ்ரில் வீட்டைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. தொழுவத்தில் பசு கத்துகிற சத்தம். மடி கட்டிக்கொண்ட பசுவின் கத்தல் நர்ஸுக்கும் தெரியும். வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தாள்.

கவ்ரில் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். தலையில் கதிங்காவின் பூப்போட்ட முக்காடு, தாடைக்குக் கீழே முடிச்சு. மீசை அதற்கு வெளியே நின்றது. பருத்த வயிற்றுக்கு மேலே அவள் வேலைக்குக் கட்டும் முன்துணி. பசு ஜோயானா திரும்பித் திரும்பி மோந்து பார்த்தது, ஒரு நிமிஷம் நின்றது, பிறகு காலால் வாளியை எத்திவிட்டது.

வேறு நாளாயிருந்தால் சஃப்தா சிரித்து உருண்டிருப்பாள்.

கவ்ரில் அவளைப் பார்த்தும் முக்காட்டை அவிழ்க்கவில்லை. "அவ வாடை தெரிஞ்சா மாடு நிக்குங்கறாங்க," என்றான். "முதல் ரெண்டு நாள் நின்னுச்சு. இப்ப அந்த வாடையும் போயிருச்சு போல." வாளியை நிமிர்த்தினான். "மாட்டுக்கே தெரியுது. எனக்குத்தான் தெரியல, யார நம்புறதுன்னு."

"கவ்ரில்."

"சொல்லுங்க."

"அவ குடுக்கல. அந்தக் குப்பி என்னோடது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பட்டது. காலிக் குப்பி அனுப்பியது, அது திரும்பியது, வெள்ளிக்கிழமை காலை கதவைச் சாத்தியது, எல்லாவற்றையும் கொட்டினாள். "நோய் எனக்கு. பேரு அவளுது. அன்னிக்கு உன் அடுப்படியில சொல்லியிருக்கணும். வாய் வரல."

கவ்ரில் முக்காட்டின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். அவிழாமல், அப்படியே தலையிலிருந்து உருவி எடுத்தான். "என் வாயால நான் அவள..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "எங்கிட்ட எதுக்கு இப்ப சொல்றீங்க?" என்றான். "என்கிட்டச் சொன்னா யாருக்கு என்ன? ஏறுங்க வண்டியில. அவகிட்டச் சொல்லுங்க."

டிராக்டரில் போனார்கள். பக்கத்துத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு வந்த சஃப்தாவின் விரல்கள் விறைத்துப்போயின.

கதிங்கா அண்ணன் வீட்டு முற்றத்தில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். கதிரோடு கதிரை உரசி உரசி, கூடை நிறைந்துகொண்டிருந்தது. கவ்ரில் முன்னால் வந்ததும், "நீங்க வெளிய நில்லுங்க," என்றாள். அவன் போய் வேலிக்கு வெளியே நின்றான். சஃப்தா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கதிங்காவின் கை நிற்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"இதுல எனக்குத் தெரியாதது எதுக்கா? நான் குடுக்கலன்னு எனக்குத் தெரியும். குப்பி உன் கையில இருந்துதுன்னும் தெரியும். நீ குனிஞ்சப்பவே மிச்சமும் தெரிஞ்சுபோச்சு." ஒரு கதிரைக் கூடையில் எறிந்தாள். "எங்க அண்ணிகிட்டக்கூடச் சொல்லல. நீயா வருவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். முதல் நாள் சாயங்காலமே வந்துருவேன்னு நெனச்சேன். பதினோரு நாள்."

"நான் மனுஷியே இல்ல கதிங்கா."

"அதெல்லாம் பேசாத. பேச்சு எனக்கு வேணாம். நாலாந்தேதி யாரு போறது?"

சஃப்தா கூடையோரம் சிதறிய மணிகளைப் பொறுக்கினாள்.

"என் பேர்லயே போயிட்டு வந்துரு. ஊருக்குத் தெரிய வேணாம். உன் வேலை போச்சுன்னா ஊருக்கு ஊசி போட யாரு இருக்கா?" கதிங்கா முதல் தடவையாக நிமிர்ந்தாள். "இது உன்மேல இருக்குற பாசத்துல சொல்லல. கணக்காச் சொல்றேன்."

"முடியாது," என்றாள் சஃப்தா. "உன் கோப்புல அந்த நோய் சாகுற வரைக்கும் இருக்கும். நாளைக்கு உன் மக கல்யாணத்துல யாராச்சும் எடுத்து நீட்டுவான். நான் டாக்டர்கிட்டச் சொல்லிடுறேன்."

"அப்ப சொல்லு," என்றாள் கதிங்கா, அடுத்த கதிரை எடுத்தபடி.

*

டாக்டர் மிஹலாக்கே கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் இருநூறு இருநூறுன்னு உன் பின்னாலயே சுத்தினேன். அதுவும் உண்டு," என்று ஒரு தடவை சொன்னார். பிறகு மாவட்டத்துக்குக் கடிதம் எழுதினார். பையை வாங்கி வைத்துக்கொண்டார். விசாரணை முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

ஆய்வகத்துக் கொர்னேலியா போனில் எல்லாவற்றையும் எண்ணோடு குறித்துக்கொண்டாள். கடைசியில், "இயந்திரம் ஏமாறலம்மா," என்றாள். "மனுஷி இருக்காளான்னு கேட்டுச்சு, இருக்கான்னு சொல்லுச்சு. எந்த மனுஷின்னு அதுக்குக் கேக்கத் தெரியாது. அத நாங்க உங்கள நம்பித்தான் விட்டோம்."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஊரில் பதினோரு பேருக்கு நோய் இருப்பதாகக் கடிதம் வந்திருந்தது. ஏழு பேர் இன்னும் சோதனைக்குப் போகவில்லை. விஷயம் பரவியதும் அந்த ஏழு வீட்டிலும் ஒரே பேச்சு. யார் குப்பி யாருதோ?

சஃப்தா பையில்லாமல் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "ஒண்ணுதான் பொய். மத்ததெல்லாம் உங்களோடதுதான். என்ன வையுங்க, ஆனா போங்க." ஆறு பேர் முனகிக்கொண்டே தலையாட்டினார்கள். ப்ரோஃபிரா மட்டும் வேலிக் கதவைத் திறக்கவே இல்லை. ஐம்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. அவளுக்கும் வகை பதினாறுதான் வந்திருந்தது.

"நானே முதல்ல எடுத்துக்கிட்டேன்னு சொன்னியே," என்றாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. "அதுவும் பொய்யாமே? உன்ன நம்பித்தான் எடுத்தேன். இப்ப உன்ன நம்பாமத்தான் போகல. போய்ட்டு வா."

இந்த ஒரு கதவுதான் சஃப்தாவின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. ப்ரோஃபிராவின் தாடையையும் ஒருநாள் தானே கட்டுவது போலக் கனவில் வந்தது.

நாலாம் தேதி பேருந்து நிறுத்தத்துக்குப் போனபோது அங்கே கதிங்கா நின்றுகொண்டிருந்தாள். கம்பளி முக்காடு, கையில் துணி மூட்டை. அவள் வீடு திரும்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. ஜோயானா ஒழுங்காகப் பால் கொடுக்கிறதாம். கவ்ரில் மட்டும் இன்னும் தரையைப் பார்த்தே பேசுகிறானாம்.

"எனக்கும் குப்பி எடுக்கணும்னாங்க," என்றாள். "இந்தத் தடவ நானே எடுப்பேன். நீ பக்கத்துல வராத."

மருத்துவமனையில் எழுத்தர் பெண் பட்டியலைப் பார்த்துக் கதிங்காவின் பெயரைக் கூப்பிட்டபோது, "அந்தப் பேருக்குப் பதிலா நான், கடிதம் வந்திருக்கும், சஃப்தான்னு," என்று சஃப்தா எழுந்தாள். எழுத்தர் பெண் கோப்பைப் புரட்டினாள். மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே அனுப்பினாள்.

வினிகரைத் தொட்டுத் தடவியதும் கருப்பை வாயில் ஒரு இடம் வெள்ளையாகத் தெரிந்தது என்றார்கள். சின்னத் துண்டு எடுத்தார்கள். "ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. ஜனவரியில சின்னதா ஒரு வெட்டு, அவ்வளவுதான் இருக்கும்," என்றார் அந்த டாக்டரம்மா.

நடைக்கூடத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது தொவாதெர் போன் செய்தான். ஊர்க்காரன் எவனோ இத்தாலி வரைக்கும் செய்தியைக் கொண்டுபோயிருந்தான். அவன் குரல் பக்கத்தில் இருந்த கதிங்காவுக்கும் கேட்டது.

"எனக்குக் கேக்குறதுக்கு உரிமை இருக்கா இல்லையா? ஆறு வருஷமா நான் இங்க லாரியில கெடக்கேன். உனக்கு எப்படி வந்துச்சு? அத மட்டும் சொல்லு. வீடு வீடாப் போறவ நீ. எந்த வீட்டுல?"

இருநூறு வீட்டில் விளக்கிச் சொன்ன வாய் அது. இருபது வருஷம் தூங்கும், யார் கொடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது, உன்னிடமிருந்தேகூட வந்திருக்கும். ஒரு சொல் எழும்பவில்லை. அவன் கேட்ட கேள்வியை ஏற்கெனவே ஒருமுறை, வேறொரு சமையலறையில், வேறொருத்தி பதில் இல்லாமல் நின்று வாங்கிக்கொண்டதைத்தான் சஃப்தா நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைக்காத பதில் தனக்கு எதற்கு?

கதிங்கா போனைப் பிடுங்கினாள்.

"தொவாதெர் அண்ணே, நான் கவ்ரில் பொண்டாட்டி கதிங்கா. நல்லா இருக்கீங்களா? கேளுங்க. இருபத்திரண்டு வருஷமா உங்க பொண்டாட்டி எந்த வீட்டுக்குப் போனா, எப்ப திரும்பி வந்தான்னு ஊருக்கே தெரியும், எனக்கு அதவிட நல்லாத் தெரியும். அவ பொய் சொல்லுவா. அது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. ஆனா நீங்க நெனைக்கிற தப்பு அவகிட்ட இல்ல. அதுக்கு நான் சாட்சி. இந்த வைரஸ் கல்யாணமான நாள்ல இருந்துகூட இருக்குமாம். அப்ப நீங்களும்தான கூட இருந்தீங்க? கிறிஸ்துமஸுக்கு வாங்க, வந்து பேசுங்க. போன்ல ஒருத்திய வீட்ட விட்டுத் துரத்தாதீங்க. வைக்கிறேன்."

போனை சஃப்தாவின் மடியில் போட்டாள். சஃப்தா முக்காட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

"அழுறதுக்கெல்லாம் நேரமில்ல," என்றாள் கதிங்கா. மூட்டையை அவிழ்த்து ஆறிப்போன களித் துண்டு ஒன்றை நீட்டினாள். நோன்புக்கு ஏற்ற மாதிரி வெங்காயம் மட்டும். "தின்னு. நாலு மணி பஸ்ஸப் பிடிக்கணும். நேரா ப்ரோஃபிரா வீடு. நீ வெளிய நில்லு, நான் பேசுறேன்."

பேருந்திலிருந்து இறங்கும்போது ஈரப் பனி விழத் தொடங்கியிருந்தது. ப்ரோஃபிரா, கதிங்காவுக்குக் கதவைத் திறந்தாள். சஃப்தா வேலிக்கு வெளியே நின்றாள். காலணிக்குள் தண்ணீர் ஏறியது. உள்ளே பேச்சு உயர்ந்தது, தணிந்தது, நின்றது, மறுபடி உயர்ந்தது. ஒருமுறை கதிங்காவின் குரல் தெளிவாகக் கேட்டது: "கெட்டுப்போனது என் பேருடி, எனக்கே கோவம் ஆறல. அதுக்காக நீ ஏன் சாகணும்?"

கடைசியில் ஜன்னல் திறந்தது. ப்ரோஃபிராவின் குரல்.

"அவ இன்னும் அங்கதான் நிக்கிறாளா?"

"நிக்கிறா."

"நிக்கட்டும்." ஜன்னல் பாதி மூடி, மறுபடி திறந்தது. "கடிதத்துல இருந்த தேதி போயிருச்சு. இனி எந்தத் தேதியில போகணும்னு மட்டும் அவகிட்டக் கேட்டுச் சொல்லு."